நாற்பத்து மூன்றாவது படித் தவிடு

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. ஆள் தேர்வு. பேசிய சம்பளம்: மூக்கையாவுக்கு ரூ. 3,000. தாய்க்கு ரூ. 400. பிள்ளைக்கு ரூ. 500.

பிப்ரவரி 18, ஞாயிறு. வாங்கிய பிள்ளைகள்: 43. கொடுத்த விலை: தவிடு, 1 படி.

பிப்ரவரி 19 முதல் மார்ச் 10 வரை. திரும்பி வந்த தவிடு: 42 படி.

மே 19, ஞாயிறு. ஏலம்.

மே 26, ஞாயிறு. திருச்சியிலிருந்து சார்ஜா. டிக்கெட் 2. ரூ. 38,400.

பாக்கி: தவிடு, 1 படி.

மூக்கையாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஆறு வரிகளில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் அறுபத்தாறு வயதுக்காரர். திண்டுக்கல் வெங்காய மண்டி ஒன்றில் ஏலம் கூறுபவர். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. பதினொரு அடி அகலமுள்ள சந்து நடுவே ஓடுகிறது. அவர் தம் வீட்டுக்குள் மனைவி மாயம்மாளிடம் உப்பு கேட்டால் எங்கள் வீட்டில் உப்பை எடுத்து வைப்போம். அவ்வளவு குரல்.

அந்தக் குரலால்தான் எல்லாம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்திருந்தது. நூறு வருடத்துக்கு முன்பு இந்த வறண்ட பூமியிலிருந்து சிறு பிள்ளைகளை ஆசை காட்டியும் மிரட்டியும் பிடித்து, கப்பலில் ஏற்றி, கடல் தாண்டிய ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்புவதாகக் கதை. படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ‘புரொடக்‌ஷன் நம்பர் 3’ என்றார்கள். இயக்குநர் விக்னேஷ்குமாருக்கு இருபத்தொன்பது வயது. மண்டிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே "மூணு தரம்!" என்று மூக்கையா போட்ட சத்தத்தில் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். சட்டையைத் துடைக்காமலே உள்ளே போய், முறுக்கிய மீசையையும் பார்த்தார். பிள்ளை பிடிக்கும் ஏஜெண்ட் கிடைத்துவிட்டார் என்று முடிவு செய்தார்.

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு வறண்ட குளத்துக்குள் பலகையால் கப்பல் கட்டினார்கள். கேமராவுக்குத் தெரியும் ஒரு பக்கம் மட்டும் கப்பல், மறுபக்கம் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. நீளம் அறுபத்திரண்டு அடி. ஆடுகள் சாய்வுப் பலகை வழியாக ஏறி மேல்தளத்தில் நிற்கப் பழகிவிட்டதால், காலையில் அவற்றை இறக்க ஓர் ஆள் போட்டிருந்தார்கள்.

மூக்கையா பேரிலும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் 1958இல் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும் என்று மூக்குக் குத்தி, பதினாறாம் நாள் முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டு நஸீராம்மாவுக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். இன்னொருத்தி பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போவான் என்பது கணக்கு. மறுநாள் அதே ஒரு படித் தவிட்டைக் கொடுத்துத் தாய் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும். மூக்கையாவின் தாயும் கொண்டுபோய்க் கொடுத்தார். நஸீராம்மா படியைப் பார்த்துவிட்டு, "தலை தட்டலையே. ஒரு பிடி குறையுது" என்றாராம்.

அந்த ஒரு பிடி ஐம்பத்தோரு வருடம் குறைந்தே இருந்தது. "பாக்கி நிக்கிற வரைக்கும் நீ எம்புள்ளையும்தாண்டா" என்று சொல்லியே ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவரை உட்கார வைத்துச் சோறு போட்டார் நஸீராம்மா. ரேஷன் கடைக்கும் அனுப்பினார். 1986இல் மூக்கையா முதல் சம்பளத்தில் ஒரு மூட்டைத் தவிடு வாங்கி ரிக்‌ஷாவில் கொண்டுபோய் இறக்கினார். நஸீராம்மா அதை வாசலோடு திருப்பினார். "ஒரு பிடி கேட்டவளுக்கு மூட்டை எதுக்குடா? குடுத்துட்டு ஓடிப் போகலாம்னு பாக்குறியா? எடுறா!" என்று கதவைச் சாத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, "சாப்டியா?" என்று கேட்டாராம். அவர் 2009இல் காலமானார். பாக்கி அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கதையை மூக்கையா இயக்குநரிடம் சொன்னதுதான் தவறு. படத்தில் ஏஜெண்ட் ரூபாய் கொடுத்துப் பிள்ளை வாங்குவதாகத்தான் எழுதியிருந்தார்கள். இயக்குநர் எழுதியதை அங்கேயே கிழித்தார்.

"ஐயா, தவிட்டுக்கே வாங்குங்க. அந்தச் சடங்கு எப்படியோ அப்படியே செய்யுங்க. ஒரு சொல்லு மாறக் கூடாது."

"தம்பி, அது நெசச் சடங்குல்ல?"

"அதான் வேணும். நெசமா வேணும்."

நடிக்க வந்தவர்களும் சொந்தத் தாயும் சொந்தப் பிள்ளையும்தான், அப்போதுதான் முகத்தில் உண்மை வரும் என்றார். சாணார்பட்டிப் பக்கத்துத் தாய்மார் முப்பத்தோரு பேர், நாகல் நகரிலிருந்து பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு பிள்ளை. படி மூக்கையா வீட்டுப் படி. தவிடு கம்பெனித் தவிடு, ஒரே ஒரு படி. ஏஜெண்ட் தவிட்டைத் தாயின் முந்தானையில் கொட்டி, "இன்னையிலருந்து இது எம்புள்ள" என்பார். தாய் "உம்புள்ள" என்பாள். பிள்ளை இந்தப் பக்கம் வந்துவிடும். தாய் அந்தப் பக்கம் போனதும் ஓர் ஆள் முந்தானையிலிருந்து தவிட்டைத் திரும்பப் படியில் கொட்டி அடுத்த தாய்க்குக் கொண்டுவருவார். நாற்பத்து மூன்று முறை. நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். சம்பளத்துக்குச் சாட்சியாக மூக்கையா கூப்பிட்டிருந்தார்.

மூக்கையாவுக்குக் கொடூரம் வரவில்லை. இடைவேளைதோறும் மடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். விளைவாக, பிள்ளைகள் ஏஜெண்டைக் கண்டதும் தாயை உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடி வந்தன.

"ஐயா! நீங்க ரொம்பக் கொடூரமான ஆளு!" என்று இயக்குநர் மைக்கில் கத்தினார்.

"சரிங்க தம்பி. எம்புட்டு நேரத்துக்கு?"

மாலை 4.40க்குப் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். தாய்மாரைக் குறுக்கே கயிறு கட்டித் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். நாற்பத்து மூன்றும் வரிசையாகச் சாய்வுப் பலகையில் ஏறின. சிரிப்பு அடங்கவில்லை. இயக்குநர் மைக்கை எடுத்தார்.

"பசங்களா, சிரிக்காதீங்க. திரும்பிப் பாக்காதீங்க. இந்தக் கப்பல்ல ஏறினவங்க யாரும் திரும்பி வரவே மாட்டாங்க. புரியுதா?"

பிள்ளைகளுக்குப் புரிந்தது. சத்தம் நின்றுவிட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அப்படியே. சுமார் எட்டு நொடி குளத்துக்குள் காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒன்பதாவது நொடி ஒரு தாய் கயிற்றைத் தாண்டினாள். பிறகு எல்லோரும் தாண்டினார்கள். நாற்பத்து மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் ஏறியதில் கப்பல் தெற்கே ஒன்றரை அடி சாய்ந்தது. மேலே மறைந்து நின்ற இரண்டு ஆடுகள் குதித்தன. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரமாதம், பிரமாதம் என்று இயக்குநர் அழுதார்.

மறுநாள் காலை 6.10. மூக்கையா வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். சாணார்பட்டிப் பொன்னழகு. இடுப்பில் நான்கு வயதுப் பையன், கையில் ஒரு தூக்குவாளி.

"அண்ணே, எம்புள்ளையத் திருப்பிக் குடுங்க."

"புள்ள உன் இடுப்புலதானேத்தா இருக்கு?"

"இருக்கு. ஆனா உங்க புள்ளையால்ல இருக்கு. ராத்திரி நாலு தரம் தும்மிட்டான்."

"அது சினிமாத்தா."

"தவிட்டை நீங்க போட்டது நெசம். நான் மடியில வாங்குனது நெசம். உம்புள்ளன்னு சொன்னது என் வாயி. இதுல எது சினிமா?"

மூக்கையா தூக்குவாளியைப் பார்த்தார். அவரே ஒரு பிடி பாக்கியோடு அறுபத்தாறு வருடம் உலவுகிற ஆள். தூக்குவாளியை வாங்கிப் படியில் அளந்து, தலை தட்டி, "உம்புள்ள உனக்கு" என்றார். பையன் மறுபடி ஒரு தும்மல் போட்டான். அது அவன் சொந்தத் தும்மல் என்று பொன்னழகு நிம்மதியாகப் போனாள்.

எட்டு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் வந்தார்கள், ஆறு பைத் தவிட்டோடு. ஒருத்தி இரண்டு தரம் கொடுத்துவிட்டாள். இன்னொருத்தி கொடுத்தேன் என்று சாதித்தாள், கொடுக்கவில்லை. மூக்கையா எதிர்வீட்டைப் பார்த்து ஒரு குரல் விட்டார். "அண்ணே! ஒரு நோட்டு எடுத்துக்கிட்டு வாங்க!"

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், ஊர், மீட்ட தேதி, தவிட்டின் அளவு என ஐந்து பத்தி போட்டேன். மீட்ட தாய்க்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன்: ‘மேற்படி பிள்ளை, தவிடு 1 படி பெற்றுக்கொண்டு, தாயிடம் திருப்பித் தரப்பட்டது.’ சீட்டு கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட ஆரம்பித்தன.

மார்ச் 10க்குள் நாற்பத்திரண்டு படி சேர்ந்தது. ஒரு படி, தலை தட்டி, 430 கிராம். மொத்தம் 18 கிலோ 60 கிராம். மாயம்மாளின் செவலைப் பசு அரை லிட்டர் பால் கூடக் கொடுத்தது. ஒரே ஒரு வரிசையில் மட்டும் கடைசிப் பத்தி காலியாக இருந்தது. வரிசை எண் 17. ஜெனிஷா, வயது எட்டு. தாய் அன்புக்கரசி, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் சந்திலேயே கடைசி வீடு.

நான் நினைவூட்டப் போனேன். அன்புக்கரசி சிரித்தாள்.

"சார், நாங்க வேதக்காரங்க. இதெல்லாம் பாக்கறதில்ல. தவிட்டுக்கு வித்தேன்னு பாதர் காதுல விழுந்தா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 24, புதன், பகல் 12.20. பரீட்சை முடிந்துவிட்டது. ஜெனிஷா ஒரு தண்ணீர் பாட்டிலும் தலையணையுமாக மூக்கையா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா, நான் உங்க புள்ள. மதியத்துக்கு என்ன வெஞ்சனம்?"

"ஏத்தா, யாரு சொன்னா?"

"எல்லார்ட்டயும் சீட்டு இருக்கு. என்கிட்ட இல்ல. அப்ப நான் இன்னும் உங்க புள்ளதானே? நோட்டைப் பாருங்க."

நோட்டு அவள் பக்கம்தான் இருந்தது. மாயம்மாள் உள்ளேயிருந்து, "கத்திரிக்கா வெஞ்சனம். முட்டையும் பொரிக்கவா?" என்று கேட்டாள். அவர்கள் மகன்கள் இருவரும் திருப்பூரில். அந்த வீட்டில் நான்கு வருடமாக முட்டை பொரிக்கவில்லை.

அன்று முதல் தினமும் காலை எட்டுக்கு வந்து மாலை ஏழுக்குப் போவாள். வேலைக்குப் போகிற தாய்க்கு அது வசதியாகவும் இருந்தது. மூக்கையா அவளை மண்டிக்குக் கூட்டிப் போனார். வெங்காயத்தை உரசிப் பார்ப்பது, ஏலம் எப்படி ஏறும், இருப்பு வைத்தால் விலை என்ன ஆகும், எல்லாம் அவள் கேட்டாள். நஸீராம்மாவின் ஒரு பிடிக் கதையை மட்டும் ஐந்து முறை சொல்ல வைத்தாள்.

மே 5 அன்று டிக்கெட் வந்தது. அவள் அப்பா பிராங்க்ளின் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடமாக ஊருக்கு வரவில்லை. வீடு பார்த்து, விசா எடுத்து, மனைவியையும் மகளையும் கூப்பிடுகிறார். மே 26 புறப்பாடு. பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்.

"நான் வரமாட்டேன்," என்றாள் ஜெனிஷா. "மூக்கையாத் தாத்தா விடாம என்னை யாரும் கொண்டுபோக முடியாது. நான் அவுக புள்ள."

"அப்பாவப் பாக்க வேணாமாடி?"

"அப்பா போன்லயே நல்லாத்தான் இருக்காரு. படம் வந்தா நான் தியேட்டர்ல வருவேன்ல? நான் இங்க இல்லாம அதை யாரு பாக்குறது?"

அன்புக்கரசி பெட்டி கட்டினால் ஜெனிஷா அவிழ்த்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துச் செவலையின் தவிட்டுப் பானைக்குள் போட்டாள். மாயம்மாள் கை விட்டுத் துழாவி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் இன்னும் தவிடு ஒட்டியிருக்கிறது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் போல என்று பிராங்க்ளின் போனில் சொன்னார். பிள்ளையைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுகிற காட்சியை ஒரு நாள் முழுக்க நடித்த தாய்க்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"சார், ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க. ஒத்த வரி. அம்புட்டுத்தான்."

"தவிடு வரவில்லையேம்மா."

"வந்த மாதிரி எழுதுங்க."

வராததை வந்ததாக நான் எழுதியதில்லை. செத்தவர் சாகாமல் இருக்கவும், பிறக்காதவர் பிறந்திருக்கவும் கேட்டு வந்தவர்களை முப்பத்து நான்கு வருடம் திருப்பி அனுப்பியவன். ஒரு படித் தவிட்டுக்கு இப்போது மாற முடியவில்லை.

மே 17, வெள்ளி. அன்புக்கரசி யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிப் பைக்குள் ஒரு படித் தவிடு வைத்துக்கொண்டு வந்தாள். மூக்கையா நிம்மதியாகப் படியை எடுத்தார். ஜெனிஷா குறுக்கே வந்து படியின் மேல் கையை வைத்தாள்.

"தாத்தா, வெங்காயத்தை மூணு மாசம் இருப்பு வெச்சா அதே விலைக்கா குடுப்பீங்க?"

மூக்கையா படியைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க தாத்தா."

"குடுக்க மாட்டோம்."

"அப்ப ஏலம் போடுங்க."

"பெரியப்பா!" என்றாள் அன்புக்கரசி.

"தொழில்னு வந்தா அவ சொல்றது ஞாயம்தான் தாயி," என்றார் மூக்கையா, தலையைச் சொறிந்துகொண்டு.

மே 19, ஞாயிறு, காலை 11.15. பூசை முடிந்து அன்புக்கரசி நேரே வந்தாள். மூக்கையா வீட்டு முற்றம். ஜெனிஷா கவிழ்த்த வெங்காயக் கூடையின் மேல் நின்றாள், சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு. பிராங்க்ளினை வீடியோவில் கூப்பிட்டு, போனைத் துளசி மாடத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தது. நான் நோட்டோடு மோடாவில். ஏலத் தொகை தவிட்டுப் படியில். கையில் உள்ள சரக்குக்கு மேல் கேட்கக் கூடாது. அன்புக்கரசியிடம் ஐந்து படி. மாயம்மாள் திடீரென்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஏலத்துக்கு வந்து நின்றாள். செவலை தின்றது போக அவளிடம் பதினொரு படி.

"இந்தா, நீ எதுக்குடி கேக்குற? சரக்கே நம்மளுது!" என்றார் மூக்கையா.

"உங்க பேருலதான வாங்குனீங்க? என் பேருல நான் எடுத்துக்கிறேன்."

மூக்கையா தொண்டையைக் கனைத்தார். சந்தில் நாய் எழுந்து ஓடியது.

"சரக்கு ஒண்ணு! முதல் தரம்! நாகல் நகர்ச் சரக்கு! வாய் கொஞ்சம் நீளம்! கேளுங்க!"

"ஒண்ணு," என்றாள் அன்புக்கரசி.

"ரெண்டு," என்றாள் மாயம்மாள்.

"மூணு. கர்த்தரே, எம்புள்ளைய நானே ஏலம் எடுக்குறேனே!"

"நாலு."

"அஞ்சு!"

"ஆறு," என்றாள் மாயம்மாள். அன்புக்கரசி பையைத் தட்டிப் பார்த்தாள். ஐந்துக்கு மேல் ஒரு தூசி விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தீவனக் கடை கிடையாது.

"ஆறு ஒரு தரம்! ஆறு ரெண்டு தரம்!"

"நூறு!" என்றது துளசி மாடம். பிராங்க்ளின்.

"கைச் சரக்கு இருக்கா?" என்று நான் கேட்டேன். கேட்க வேண்டியது என் வேலை.

"சார், நான் பாலைவனத்துல இருக்கேன் சார். தவிட்டுக்கு எங்க போவேன்?"

"அப்ப செல்லாது."

"ஏழு!" என்று ஜெனிஷா கூடை மேலிருந்து கத்தினாள். "என்னை நானே எடுத்துக்கிறேன்! சம்பளம் ஐநூறு ரூவா வெச்சிருக்கேன்!"

"சரக்கு வாயத் தொறக்கக் கூடாது," என்றார் மூக்கையா.

"வெங்காயம்னா தொறக்காது. நான் தொறப்பேன்."

"எறங்குடி கீழ!" என்றாள் அன்புக்கரசி. அதுவரை சிரிப்பும் கோபமுமாக இருந்தவள் சட்டென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு வருசமா ஒத்தையில கெடக்குறாருடி உங்கப்பா."

ஜெனிஷா கூடையிலிருந்து இறங்கவில்லை. மூக்கையாவைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள்.

"தாத்தா, கப்பல்ல ஏறுனவுக யாரும் திரும்பி வரலேல்ல?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தியேட்டர் இல்லை விஷயம். இயக்குநர் மைக்கில் சொன்ன அந்த ஒரு வரி மூன்று மாதமாக அந்தப் பிள்ளைக்குள் இருந்திருக்கிறது. மூக்கையாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். மீசையைத் தடவினார். பிறகு மண்டியில் பேசுகிற குரலில், ஆனால் மெதுவாகப் பேசினார்.

"தாயி, மண்டியில இன்னொரு வழி இருக்கு. தெரிஞ்ச ஏவாரின்னா கடனுக்குச் சரக்கு விடுவோம். சரக்கு அவரு கையில போகும். பாக்கி தீர்ற வரைக்கும் பேரு நம்ம நோட்டுலதான் நிக்கும்."

"பாக்கி வரலேன்னா?"

"சரக்கு திரும்பி வந்துரணும்."

"கப்பல்ல போனாலும்?"

"பிளேன்ல போனாலும்."

அவள் துளசி மாடத்துப் பக்கம் திரும்பினாள். "அப்பா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்டா தங்கம்."

"நூறு படி உங்களால முடியுமா?"

"ஊரு பூராத் தேடுறேன்."

ஜெனிஷா அம்மாவின் பையைப் பார்த்தாள். "ஒரு படி போதும்ப்பா. ஆனா நீங்கதான் தேடிக் குடுக்கணும். அம்மா பையில இருக்கறது செல்லாது."

மாயம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "என் ஆறும் வாபஸ். செவலைக்கே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில் மூக்கையாவை, "மரம் மாதிரி நிக்காம ஏலத்தை முடிங்க," என்று திட்டினாள்.

"ஒரு படிக்குக் கடன்! ஒரு தரம்! ரெண்டு தரம்!" மூன்றாவது தரம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முப்பத்தெட்டு வருடத் தொழிலில் அவர் அப்படி நின்று நான் கேட்டதில்லை. "மூணு தரம்!"

வரிசை எண் 17இல் எழுதினேன்: ‘கடன். எடுத்தவர் பிராங்க்ளின், சார்ஜா. கெடு 90 நாள், மே 26 முதல். தவறினால் பிள்ளை திருப்பி அனுப்பப்படும்.’ போனில் சொன்னது நோட்டில் ஏறாது, எதுவானாலும் கடிதமாக வர வேண்டும் என்பதையும் எழுதி, ஜெனிஷாவிடம் நகல் கொடுத்தேன். அதை மடித்துக் கவுன் பைக்குள் வைத்துக்கொண்டு, அழுகை எதுவும் இல்லாமல் மே 26 காலை 7.05க்குக் காரில் ஏறினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

முதல் கடிதம் ஜூன் 21 அன்று வந்தது. ‘அப்பா நாலு கடையில் தேடிவிட்டார். தவிடு என்றால் கடைக்காரருக்குப் புரியவில்லை. அப்பா மாடு மாதிரி நடித்துக் காட்டினார். பால் கொடுத்தார்கள். ஓட்ஸ் செல்லுமா?’ செல்லாது என்று பதில் எழுதினேன். அடியில் மாயம்மாள், ‘சாப்பிடுகிறாயா?’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

இரண்டாவது கடிதம் ஜூலை 18. ‘குதிரைத் தீவனக் கடையில் கோதுமைத் தவிடு இருக்கிறது. அப்பா லீவு போட்டு மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்தார். செல்லுமா?’ மூக்கையா படியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அரிசியா கோதுமையான்னு அன்னைக்கு யாரும் பேசலையேண்ணே." செல்லும் என்று எழுதினேன்.

மூன்றாவது கடிதம் ஒரு பார்சலோடு வந்தது. கெடுவுக்குப் பத்து நாள் மிச்சம். பார்சலுக்குள் இரண்டு பிளாஸ்டிக் பை, அதற்குள் தவிடு. மூக்கையா அதே படியை எடுத்து வந்தார். மாயம்மாள் முற்றத்தில் பேப்பர் விரித்தாள். கொட்டினோம். படியைத் தட்டிப் பார்த்தோம், குலுக்கிப் பார்த்தோம், பையை உதறினோம். விளிம்புக்கு வரவில்லை. மூக்கையா விரலை விட்டு அளந்தார். என்னைப் பார்த்தார்.

"எம்புட்டுண்ணே குறையுது?"

"ஒரு பிடி."

பிறகுதான் கடிதத்தைப் பிரித்தேன். பென்சிலால் நான்கு வரி.

‘அப்பா சரியாக ஒரு படி வாங்கினார். பாவம், அவர் மேல் தப்பு இல்லை. ஒரு பிடியை நான் எடுத்து வைத்திருக்கிறேன். படம் பார்க்க வரும்போது நேரில் தருகிறேன். அதுவரை சீட்டு எழுத வேண்டாம் என்று தாத்தாவிடம் சொல்லவும்.’

மூக்கையா சிரித்த சத்தத்தில் செவலை கயிற்றை இழுத்தது. சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "மூட்டையா அனுப்பித் தொலைக்காம விட்டாளே," என்றார்.

படம் இன்னும் வெளிவரவில்லை. பெயரும் வைக்கவில்லை என்கிறார்கள். வரிசை எண் 17இல் கடைசிப் பத்தியில், ‘வரவு: 1 படியில் 1 பிடி குறைவு’ என்று எழுதி, சீட்டுப் போடாமல் நோட்டை மூடினேன். கடிதம் வந்த தேதியை மட்டும் ஓரத்தில் குறித்தேன்: 2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை.